பெரியவர்களுக்கு மட்டும் பியானோ கற்பித்த ஜெயஷீலா டீச்சர்

மன்றத் தலைவர் திருப்பதி அண்ணாச்சி அவர்களே! செயற்குழு நண்பர்களே! முன்வரிசையில் தன் இரண்டு மகள்களோடு அமர்ந்திருக்கும் எபநேசர் சார் அவர்களே! மில் மூடிய பிறகும் இந்தத் தொழிலாளர் மன்றத்தைப் பூட்டவிடாமல் வைத்திருக்கும் பழைய தோழர்களே! தீப்பெட்டி ஆபீஸில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் சகோதரிகளே! மணியாச்சியிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் ரயில்வே ஊழியர்களே!

துக்க வீட்டுக்குப் போனால் நாம் வணக்கம் சொல்ல மாட்டோம். வீட்டுக்காரர்களும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். புறப்படும்போது போயிட்டு வாறேன் என்று சொல்லவும் கூடாது. ஆனால் இது துக்க வீடல்ல, நமது மன்றம். ஜெயஷீலா அம்மையார் சனிக்கிழமைதோறும் அந்த வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உரத்த குரலில் வணக்கம் சொல்லிக்கொண்டு நுழைந்த இடம். ஆகவே உங்கள் எல்லோருக்கும் என் உரத்த வணக்கம்.

என் பெயர் ராமசுப்பு. உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மூடிப்போன நம் மில்லில், ரிங் பிரேமில் அறுந்த நூலை ஒட்டுகிற சைடராக இருந்தவன். சங்கக் கிளைச் செயலாளராகவும் இருந்தவன். கேட் மீட்டிங்கில் பேசிப் பேசிப் பழுத்த தொண்டை இது. நான் அழுவதற்காக மேடை ஏறவில்லை. அழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருக்கிறேன். சண்டை போடத்தான் ஏறியிருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் அம்மையாரைப் புகழ்ந்தார்கள். ரயில்வே நண்பர் ஒருவர், டிக்கெட் கவுண்டரில் அவர் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்றார். இருக்கலாம். எங்களைத் திட்டாத சனிக்கிழமை கிடையாது. கவுண்டரில் ஐந்து நாள் அடக்கி வைத்ததை எல்லாம் எங்களுக்கென்று கொண்டுவந்தாரோ என்னவோ! கடைசியாகப் பேசிய நண்பர், அம்மையார் தன் ஓய்வு நேரத்தில் நமது முதியவர்களுக்குப் பொழுதுபோக்காகப் பியானோ சொல்லிக்கொடுத்தார் என்றார்.

பொழுதுபோக்கா? எங்கள் வயதில் பொழுது தானாகவே போகிறது ஐயா, அதைப் போக்குவதற்கு மணியாச்சியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. நண்பர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லை இந்த மேடையிலிருந்து நான் திருப்பி எடுக்கிறேன். அம்மையார் எங்களுக்குச் செய்தது பொழுதுபோக்கு அல்ல. அதுதான் அவர் வாழ்நாள் வேலை. கவுண்டர் வேலை சோற்றுக்கு, இது அவருக்கு.

யார் இந்த ஜெயஷீலா? பாளையங்கோட்டையில் பிறந்தவர். ஆலயத்தில் ஆர்கன் வாசித்த ஒருவரிடம் சிறு வயதிலேயே பியானோ கற்றவர். ரயில்வேயில் வேலை கிடைத்து மணியாச்சி சந்திப்புக்கு வந்தார். அங்கேயே குடும்பம், அங்கேயே வீடு. வயதில் என்னைவிட இளையவர். நான் டீச்சர் என்று கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணாச்சி என்றார். திட்டும்போதும் அண்ணாச்சி போட்டுத்தான் திட்டுவார்.

அதோ மூலையில் நிற்கிறதே, மேலே அம்மையாரின் படத்தை மாலையோடு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பியானோ எங்கிருந்து வந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. அது நம் மில்லின் விருந்தினர் விடுதியில் இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு மேனேஜர் தன் மனைவிக்காக வரவழைத்தது. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து எப்போதாவது அதன் சத்தம் கேட்கும். தொழிலாளி அந்த விடுதிக்குள் கால் வைக்க முடியாது. என் வேலைக்காலம் முழுவதும் நான் அதைக் காதால் கேட்டிருக்கிறேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

மில் மூடியபோது கட்டில், மின்விசிறி, மேசை, நாற்காலி எல்லாவற்றுக்கும் ஆள் வந்தது. பியானோவுக்கு மட்டும் யாரும் வரவில்லை. தூக்க முடியாதே! நாங்கள்தான் டிராக்டர் கொண்டுபோய், பஞ்சுப் பொதி கட்டுகிற கயிற்றால் கட்டி, இங்கே கொண்டுவந்து இறக்கினோம். இறக்கி என்ன செய்தோம்? அதன் மேலே கேரம் போர்டைத் தூக்கி வைத்தோம். பல வருடம் அது நமக்குக் கேரம் மேசையாக இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ரயில்வே சங்கக் கூட்டம் ஒன்று இங்கே நடந்த அன்றைக்குத்தான் அம்மையார் முதன்முதலாக வந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் நேராக மூலைக்குப் போனார், கேரம் போர்டை நகர்த்தினார், மூடியைத் திறந்தார். கட்டைகளுக்கு நடுவே கேரம் பவுடர். பாதிக் கட்டைகள் ஊமை. பேசிய மீதியை வைத்து நின்றபடியே வாசித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்! நான் டீ கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டேன். யாராவது படிக்கிறீர்களா என்று கேட்டார். என் பேரனை அனுப்புகிறேன் என்றேன்.

"பேரனை நான் கேக்கல அண்ணாச்சி. நீங்க படிக்கீங்களான்னு கேட்டேன்" என்றார்.

தோழர்களே, அன்றைக்கு எனக்கு வயது ஐம்பத்தொன்பது. அந்த வயதில் நம் ஊரில் ஒரு மனிதனிடம் என்ன கேட்பார்கள்? சுகர் எவ்வளவு என்று கேட்பார்கள். மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்பார்கள். நீ படிக்கிறாயா என்று கேட்டவர் உண்டா? உங்களில் யாரிடமாவது யாராவது கேட்டிருந்தால் கை தூக்குங்கள் பார்ப்போம். கை தூக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். கூட்டம் தொடங்கும் முன் தலைவர் அவர்கள் இன்றைய இரங்கல் தீர்மானத்தை என்னிடம் காட்டினார். அவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர், அதற்காக அவரை மதிக்கிறேன். தீர்மானத்தில் இரண்டு பத்திகள். முதல் பத்தி அம்மையாரின் மறைவுக்கு மன்றம் ஆழ்ந்த இரங்கல் தெரிவிக்கிறது என்பது. அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டாம். இரண்டாவது பத்தி, அம்மையாரின் நினைவைப் போற்றும் வகையில் மன்றத்தின் பியானோவை ஒரு தனியார் பள்ளிக்கு அன்பளிப்பாக வழங்குவது என்பது.

கூட்டம் நடத்தித் தேர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சாதாரணத் தீர்மானம் என்றால் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், எதிர்ப்பு உண்டா என்று கேட்க வேண்டும். இரங்கல் தீர்மானத்துக்கு இவை எதுவும் கிடையாது. வாசிப்பார்கள். நாம் எழுந்து தலைகுனிந்து நிற்போம். நின்றால் நிறைவேறியது என்று பொருள். இறந்தவருக்காக எல்லோரும் நிற்கும்போது நான் எதிர்க்கிறேன் என்று சொல்ல எவனுக்கு மனம் வரும்? அம்மையாருக்காக நாம் குனிந்து நிற்போம், நிமிர்ந்து பார்த்தால் பியானோ வாசலைத் தாண்டியிருக்கும். இப்படி ஒரு வழியை முதலாளிகூட எங்களிடம் முயன்று பார்த்ததில்லை, தலைவர் அவர்களே!

தலைவர் சிரிக்கிறார். நல்லது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, இரண்டையும் ஒரே தாளில் டைப் அடித்ததால் வந்த வினை என்று எடுத்துக்கொள்கிறேன். அவர் என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி. "டீச்சரே போயாச்சு. இனி அத வச்சுக்கிட்டு நீரு என்னவே செய்யப் போறீரு? பிள்ளைகளாவது வாசிக்கட்டுமே" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். பதில் முடியும்வரை தரமாட்டேன்.

முதலில் பிள்ளைகள். பிள்ளைகள் மேல் எனக்கு என்ன பகை? ஆனால் அம்மையார் தன் வகுப்புக்கு வைத்த விதி ஒன்றே ஒன்று. முப்பத்தைந்து வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்க மாட்டார். இதோ உட்கார்ந்திருக்கிறார் ஆனந்தி, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடலைமிட்டாய்க் கடை வைத்திருப்பவர். அவர் தன் மகளைக் கொண்டுவந்து சேர்க்க வந்தார். மகள் ஜன்னல் வழியாக வெளியே நடக்கிற பந்து விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் இரண்டு பேரையும் பார்த்தார். மகளை விளையாடப் போகச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்து ஆனந்தியை உட்கார வைத்தார். கடையில் கொதிக்கிற பாகோடு பழகிய விரல்கள் அந்தக் கட்டையைத் தொடப் பயந்ததை நான் பார்த்தேன்.

ஏன் இப்படி ஒரு விதி என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்லுகிறேன்.

"சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேரு இருக்காவ அண்ணாச்சி. நாப்பது வயசுக்காரிய வா, உக்காருன்னு சொல்ல யாரு இருக்கா? பிள்ளைகள யாராவது அனுப்பி வைக்காவ. நீங்க எல்லாம் தானா வந்தவிய."

தானாக வந்தவர்கள்! அதுதான் எங்களுக்கு அவர் கொடுத்த பட்டம். இந்தப் பியானோவை அவர் நினைவாகப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுக்கப் போகிறோமாம். அவர் நினைவாக! அவர் யாருக்காக வாழ்ந்தாரோ அவர்களிடமிருந்து எடுத்து, அவர் யாரை வாசலிலேயே திருப்பி அனுப்பினாரோ அவர்களிடம் கொடுப்பதற்குப் பெயர் நினைவா?

எங்கள் யார் வீட்டிலும் பியானோ இல்லை. அது உங்களுக்குத் தெரியும். பின்னே வாரம் முழுவதும் எப்படிப் பயிற்சி செய்தோம்? அம்மையார் ஒரு வழி சொன்னார். தீப்பெட்டி ஆபீஸில் கிடைக்கிற நீள அட்டையில் கட்டைகளை அளவு பிசகாமல் வரைந்து, கறுப்புக் கட்டைக்கு மை பூசி, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். வீட்டில் அந்த அட்டையை விரித்து அதன் மேல் விரல்களை ஓட்டுவோம். சத்தமே வராது. எங்கள் வீட்டுக்காரி முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மகனுக்குப் போன் போட்டாள், அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று. வாரம் முழுவதும் சத்தமில்லாமல் வாசித்ததை, சனிக்கிழமை இங்கே வந்து இந்தப் பியானோவில் வாசிக்கும்போதுதான் காதால் கேட்போம். சரியாக வாசித்தோமா, தப்பாக வாசித்தோமா என்று அன்றைக்குத்தான் தெரியும். இது போய்விட்டால் எங்களிடம் மிஞ்சுவது அந்த அட்டைதான். அதைத்தான் இரண்டாவது பத்தி எங்களுக்குக் கொடுக்கிறது.

அம்மையாரின் பொறுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இனிக்கிற பொறுமை அல்ல. கழுகுமலையிலிருந்து பஸ் ஏறி வருகிற சொர்ணத்தாய் அக்காவைக் கேளுங்கள். தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குகிற வேலை அவருக்கு. எங்கள் எல்லோரையும்விட விரல் வேகம். ஆனால் பியானோவுக்குக் கீழே காலால் மிதிக்கிற பெடல் இருக்கிறதே, அதை அவர் மிதிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"அது சரஸ்வதில்லா டீச்சர். அது மேல காலு வைக்கச் சொல்லுதீங்களே, எப்படி வைப்பேன்?" என்றார். கால் தெரியாமல் ஒரு புத்தகத்தில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷி. தெரிந்தே எப்படி மிதிப்பார்?

வேறொரு டீச்சராக இருந்தால் என்ன செய்திருப்பார்? இது மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்திருப்பார். நானே அதற்குத் தொண்டையைச் செருமினேன், கட்சிக்காரனாயிற்றே! அம்மையார் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொர்ணத்தாய் அக்காவிடம் வாக்குவாதமே செய்யவில்லை. பெடல் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படும் முன்னால் எழுதப்பட்ட பாடங்கள் ஏராளம் இருக்கின்றன என்று சொல்லி, அவற்றை மட்டும் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வருடத்துக்கு மேல் அக்கா காலை மடக்கி வைத்துக்கொண்டே வாசித்தார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, யாரும் சொல்லாமலே, அக்கா ஸ்டூலில் உட்காரும் முன் குனிந்து பெடலைக் கையால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு உட்கார்ந்து மிதித்தார். சத்தம் கூடம் முழுவதும் விரிந்து நின்றது. அக்கா திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டார். மறுபடியும் வைத்தார். அம்மையார் கிறிஸ்தவ ஆலயத்துக்குப் போகிறவர், கும்பிடுவது அவர் வழக்கம் அல்ல. ஆனாலும் அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அக்கா கும்பிட்டு முடிக்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சீக்கிரம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இதையா பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இளவட்டக் காலத்திலிருந்து நான் இடதுசாரி. என் இடது கை மட்டும் அந்தக் கட்சியில் சேரவே இல்லை. வலது கை ஓடும், இடது கை யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி மடியிலேயே கிடக்கும். ஒரு தப்பு வந்தால் நான் உடனே நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். இன்னொரு தப்பு, மறுபடி முதலிலிருந்து. பெரிய வயதில் படிக்க வருகிற எல்லோருக்கும் இந்த நோய் உண்டு. தப்போடு மேலே போக மானம் இடம் கொடுக்காது. ஒருநாள் அம்மையார் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஆரம்பம் உங்களுக்கு நல்லாத்தான் வருது அண்ணாச்சி. அங்கன எதுக்கு ஓடுதீங்க? தப்பு வந்த இடத்துல இருந்து மேல போங்க. போறதுக்கு நமக்கு ஒரு வழிதான் இருக்கு."

அன்றைக்கு நான் தப்போடு கடைசி வரை போனேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழுப் பாடத்தின் முடிவு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் பரவாயில்லை என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பெரிய பாராட்டு அதுதான். அதற்கு மேலே அவர் யாரையும் பாராட்டியதில்லை. எனக்கு வீடு போய்ச் சேரும்வரை கால் தரையில் பாவவில்லை.

போன வருடம் நாங்கள் இதே மன்றத்தில் வாசித்துக் காட்டினோம். அன்றைக்கு வந்திருந்தவர்கள் நினைத்துப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுகிற சுடலைக்குமார் முறை வந்தது. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் யாரோடும் மல்லுக்கு நிற்கிற ஆள், ஸ்டூலில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து தொடங்கினார். பாதியில் மறந்துவிட்டார். பின்வரிசையில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு பரவியது. சிலர் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள். அம்மையார் என்ன செய்தார்? ஓடிப்போய் அவருக்கு ஆறுதல் சொன்னாரா? இல்லை. நேராக வாசலுக்கு நடந்து, இரண்டு கதவுகளையும் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"சிரிக்கலாம், தப்பில்ல. ஆனா அவரு முடிக்கிறவரைக்கும் இருந்து கேட்டுட்டுப் போங்க" என்றார்.

சுடலைக்குமார் தப்பு வந்த இடத்திலிருந்து மேலே போனார். நின்று நின்று போனார். ஊமைக் கட்டைகளை எல்லாம் சரிசெய்த பிறகும், மழைக்காலத்தில் இந்தப் பியானோவில் ஒரு கட்டை உப்பிப்போய் அமுக்கினால் எழும்பாது, அதைக் கையால் தூக்கிவிட்டுக்கூட வாசித்தார். முடிவு வரை வந்தார். முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. கதவை நோக்கிப் போனவர்களில் ஒருவர் அங்கேயே நின்று கைதட்டினார். அவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் இப்போது இந்த மேடையின் நடு நாற்காலியில் இருக்கிறார்.

திருப்பதி அண்ணாச்சி, அன்றைக்குக் கைதட்டிய அந்தக் கைதானே இந்த இரண்டாவது பத்தியையும் எழுதியிருக்கிறது? அதனால்தான் கேட்கிறேன். கோபத்தில் கேட்கவில்லை. இல்லை, கோபத்தில்தான் கேட்கிறேன்.

இனி அவர் கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். டீச்சரே போன பிறகு பியானோ எதற்கு? வகுப்பு எங்கே நடக்கும்? இதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. அம்மையாரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நோய் என்று தெரிந்து திருநெல்வேலியில் சிகிச்சை தொடங்கியதும் அவரால் இங்கே வர முடியவில்லை. நாங்கள் வகுப்பை நிறுத்திவிடலாம் என்று நினைத்தோம். அவர் விடவில்லை. சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர் கணவர் எபநேசர் சார் போன் போட்டுக் கொடுப்பார். நாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு இந்தப் பியானோவின் மேலே வைப்போம். ஒவ்வொருவராக வாசிப்போம். படுக்கையில் இருந்தபடியே, மூன்றாவது விரலைப் போட வேண்டிய இடத்தில் நான் நான்காவது விரலைப் போட்டதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துத் திட்டுவார். வலியில் முனகுகிற சத்தமும் நடுநடுவே கேட்கும். நாங்கள் நிறுத்தினால் அதற்கும் திட்டு விழும்.

பிறகு குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு சனிக்கிழமை நான் வாசித்து முடித்தேன். டீச்சர், சரியா என்று கேட்டேன். மெல்லிய குரலில் பதில் வந்தது. அதைக் கேட்டவர்கள் ஆனந்தி, சொர்ணத்தாய் அக்கா, சுடலைக்குமார், நான். இதோ நாலு பேரும் இங்கே இருக்கிறோம், சாட்சி.

"போன வச்சிருங்க அண்ணாச்சி. இனி என்னைக் கேக்காதீங்க. சொர்ணத்தாயக் கேளுங்க, அவியளுக்கு உங்க இடது கையப் பத்தி என்னைவிட நல்லாத் தெரியும். நீங்க ஒருத்தருக்கு ஒருத்தர் காது குடுங்க."

நான் போனை வைக்கவில்லை. அவர்தான் வைத்தார். அதற்கப்புறம் அவரும் கூப்பிடவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை நான்கு மணிக்கு நாங்கள் வந்தோம். சொர்ணத்தாய் அக்கா என் பக்கத்தில் நின்று என் இடது கையைக் கவனித்தார். அம்மையாரைவிட அவர் கடுமை! அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வந்தோம். அடக்கம் முடிந்த வாரத்திலும் வந்தோம். அன்றைக்கு யாரும் வாசிக்கவில்லை, ஆனால் வந்தோம். அதற்குள் புதிதாக ஒரு அம்மா சேர்ந்திருக்கிறார், மில் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிற வெயிலம்மாள். வலது கையின் ஐந்து விரலையும் எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமா? ஆட்டோக்காரர் சுடலைக்குமார்!

ஆகவே தலைவர் அவர்களே, டீச்சர் போய்விட்டார், வகுப்பு போகவில்லை. நாங்கள் நன்றாக வாசிக்கிறோமா? இல்லை. எங்களில் யாரும் கச்சேரி செய்யப் போவதில்லை. எந்தப் பரீட்சையும் எழுதப் போவதில்லை. எங்களால் இந்த ஊருக்கு ஒரு கோப்பையோ கேடயமோ வராது. அந்தப் பள்ளி இதை வாங்கினால் ஆண்டு விழாவில் மேடையில் ஏற்றுவார்கள், மினுக்குவார்கள், மீதி நாள் பூட்டி வைப்பார்கள். மில்காரனின் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்ததை நாம் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தோம். அதை இன்னொரு மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க நாமே கையெழுத்துப் போட வேண்டுமா? இதற்கு மேலே மறுபடியும் கேரம் போர்டையே வைத்தால்கூட எனக்கு இவ்வளவு வலிக்காது!

எபநேசர் சார், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து எங்களுக்காகச் சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டோம். நீங்களும் பிள்ளைகளும் அவரோடு இருந்திருக்க வேண்டிய சாயங்காலங்கள் அவை. கடைசி மாதங்களில்கூட எங்களுக்குப் போன் போட்டுக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி என்று சொன்னால் சொல் சிறியது. அந்தச் சாயங்காலங்களை நாங்கள் வீணாக்க மாட்டோம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சபையோருக்கு என் வேண்டுகோள் இதுதான். தலைவர் இப்போது தீர்மானத்தை வாசிப்பார். முதல் பத்தியை வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மூட்டு வலிக்காரர்களும் நில்லுங்கள், நானும் நிற்பேன். அம்மையாருக்காகத் தலைகுனிந்து நிற்போம், குறைவில்லாமல் நிற்போம். அது முடிந்து, பியானோ என்ற சொல் வருகிற இரண்டாவது பத்தி தொடங்கியதும், சத்தம் போட வேண்டாம், எதிர்ப்பு என்று கத்த வேண்டாம், கை தூக்க வேண்டாம். உட்கார்ந்துவிடுங்கள். நின்றால் நிறைவேறியது என்றால், உட்கார்ந்தால் நிறைவேறவில்லை. அம்மையார் எங்களுக்கு எத்தனையோ சொல்லிக்கொடுத்தார், எல்லாவற்றையும் உட்கார வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு வகுப்பு உண்டு. முப்பத்தைந்து வயது தாண்டிய யாரும் வரலாம். நன்றாக வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, முடிக்க வேண்டிய கட்டாயம் உண்டு.

சுடலைக்குமார், அம்மையாரின் படத்தை மாலையோடு எடுத்து மேடையில் நல்ல நாற்காலியாகப் பார்த்து வையுங்கள். ஆனந்தி, மூடியைத் திறந்து விடுங்கள். தலைவர் அவர்களே, என் இருக்கை நாற்காலி வரிசையில் இல்லை. முதல் பத்தி முடியும்வரை அந்தப் பியானோவின் பக்கத்தில் நிற்கிறேன். அதற்குப் பிறகு அந்த ஸ்டூலில் உட்காருவேன். மைக்கை வைத்துவிட்டேன். நீங்கள் வாசியுங்கள்.